மூன்றாவது சரணத்தில் ஒரு விசும்பல்

நான் செத்துப்போன விஷயத்தை எனக்கு முதலில் சொன்னது கீரைக்காரி முத்தாயிதான் தம்பி. போன வருஷம், பெந்தெகொஸ்தே திருநாள் முடிந்த மறு செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி இருக்கும். செவ்வாய் என்றால் அந்தோணியாருக்காக எனக்கு ஒருசந்தி, ஒரே வேளைச் சாப்பாடு. விளக்குமாற்றோடு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். கூடையோடு வந்தவள் என்னைப் பார்த்ததும் நடுத்தெருவிலேயே நின்றுவிட்டாள்.

"அக்கா, நீங்க செத்துட்டீங்களாமே?"

"யாருடி சொன்னா?"

"மினி பஸ்ல பாட்டுப் போட்டான்க்கா. உங்க மகன்தான் பாடுது. பஸ்ஸே அழுவுது. கண்டக்டர் டிக்கெட்டுக் கிழிக்காம அழுவுறான். இனிமே ஐயா ஒருத்தருக்குத்தானேன்னு நான் ஒரு கட்டுதான் கொண்டாந்தேன்."

எனக்கு அன்றைக்கு ஒருசந்தி என்பதால் ஒரு கட்டே போதுமாக இருந்தது. ஆண்டவர் எதையும் யோசிக்காமல் செய்வதில்லை, பாருங்க.

உட்காருங்க தம்பி. அந்த மாலையை நாற்காலி மேலே வையுங்க. படத்தில் ஏற்கெனவே மூன்று மாலை தொங்குகிறது, ஆணி தாங்காது. நீங்க உள்ளே வந்ததும் என்ன சொன்னீங்க? மூன்றாவது சரணத்தில் வருகிற அந்த விசும்பலைக் கேட்டுத்தான் ஈரோட்டிலிருந்து பஸ் ஏறி வந்தேன், ஒரு மகன் தாய்க்காக அப்படி அழுது நான் கேட்டதே இல்லை என்று சொன்னீங்க. வேறு எதைச் சொல்லியிருந்தாலும், வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிற மாதிரி, 'நான் செத்தவளுடைய தங்கச்சி, பேர் லூர்து' என்று சொல்லிக் காப்பி கொடுத்து அனுப்பியிருப்பேன். விசும்பலைச் சொல்லிவிட்டீங்க. அதற்கு மேல் எனக்குப் பொய் வரவில்லை. எனக்குத் தங்கச்சியே கிடையாது தம்பி. நான்தான் சவேரியம்மாள். அந்தப் படத்தில் இருப்பது நான்தான்.

பயப்படாதீங்க. தண்ணி குடிங்க. கையைத் தொட்டுப் பாருங்க, சூடாகத்தான் இருக்கிறது.

என் மகன் அருளப்பன் தங்கமான பிள்ளை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு அவனைத் தப்பாக நினைத்துவிடக் கூடாது. பாட்டை அவனே எழுதுவான், அவனே மெட்டுக் கட்டுவான், அவனே பாடுவான். கோவில் பாடற்குழுவில் ஆரம்பித்தான். பிறகு தப்பு அடிக்கிற நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு திருவிழா மேடை, கல்லூரி மேடை என்று போனான். போன வருஷம் தவக்காலத்தில்தான் ஸ்டுடியோவில் முறையாக ஒரு ஆல்பம் போடுவது என்று முடிவாயிற்று. மதுரையில், ஒரு டைல்ஸ் கடைக்கு மாடியில் ஸ்டுடியோ. அவனுக்குத் தொண்டை லேசு. என் கையால் மிளகு ரசம் குடித்தால்தான் குரல் நிற்கும். அதனால் பதினொரு நாளும் நானும் கூடவே இருந்தேன்.

ஸ்டுடியோ என்றால் என்னமோ என்று நினைத்தேன். சுவர் முழுக்க முட்டை அட்டை. தவக்காலத்தில் இவ்வளவு முட்டை தின்றிருக்கிறார்களே என்று எனக்கு விசனம். பதிவு செய்கிற நிக்சன் தம்பியிடம் கேட்டேன். "அம்மா, அது சத்தம் வெளிய போகாம இருக்க" என்றான். முட்டையைப் பற்றிப் பதிலே சொல்லவில்லை.

ஏழு பாட்டு முடிந்தது. ஒவ்வொரு பாட்டுக்கும் நான் பின்கட்டில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டி ஐம்பத்துமூன்று மணி ஜெபம் சொன்னேன். எங்க வீட்டுக்காரர் சந்தியாகு முப்பது வருஷம் வேலை பார்த்த பூட்டுப் பட்டறையைப் பற்றி ஒரு பாட்டு உண்டு. என்ன பாட்டு தெரியுமா அது! சாவி திரும்புகிற சத்தத்திலேயே தாளம் வைத்திருந்தான். எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு நிக்சன் தலையைச் சொறிந்தான்.

"ஏழும் அருமைண்ணே. ஆனா யாரும் அழ மாட்டாங்க. ஆல்பத்துல ஒரு சாவு வேணும்."

"யாரு சாவு?" என்றான் அருளப்பன்.

"உங்களுக்கு யாரு இருக்கா?"

"அம்மா, அப்பா."

"அப்பா செத்தா எடுபடாதுண்ணே."

இதை நான் வந்து வீட்டில் சொன்னபோது இவருக்கு ரொம்ப வருத்தம். "ஏன் எடுபடாது?" என்று இரண்டு நாள் கேட்டுக்கொண்டே இருந்தார்.

அருளப்பன் ஒரே மணி நேரத்தில் எனக்கு ஒப்பாரி எழுதிவிட்டான். எழுதி முடித்துவிட்டு என்னிடம்தான் வாசித்துக் காட்டினான். 'கொத்தமல்லி வாசம் வச்ச கொழம்பு இன்னும் ஆறலையே, பெத்தவளே சவேரியம்மா பேச்சு மூச்சக் காணலையே' என்று ஆரம்பம். 'நான் குழம்பில் மல்லித்தழை போடுவதில்லையேடா' என்றேன். "எதுகைக்கும்மா" என்றான். எதுகைக்கு என்றால் சரி.

எழுதிவிட்டான், பாட வரவில்லை. பன்னிரண்டு தடவை பாடினான். குரல் இருக்கிறது, அழுகை இல்லை. "அம்மா செத்ததா நெனச்சுப் பாடுங்கண்ணே" என்று நிக்சன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து கத்துகிறான். "எப்படிடா நெனைக்கிறது? ரசம் கொதிக்கிற வாசம் வருதே!" என்று இவன் கத்துகிறான். அடுப்பை அணைத்தேன். அப்படியும் வரவில்லை. கீழே இறங்கி டைல்ஸ் கடையில் போய் உட்கார்ந்தேன். அப்படியும் வரவில்லை. "நீ கீழ உக்காந்து எனக்காக ஜெபமாலை உருட்டுறது எனக்குத் தெரியுதேம்மா" என்கிறான். பெற்றவள் செய்கிற ஜெபமே பிள்ளைக்கு இடைஞ்சலாகிவிட்டது. என்ன செய்வது சொல்லுங்க?

நான்தான் சொன்னேன் தம்பி. அவன் கேட்கவில்லை. சத்தியமாக அவன் கேட்கவில்லை. "நான் வேணும்னா கொஞ்ச நேரம் படுக்கட்டுமாய்யா?" என்றேன்.

அறை நடுவில் பாய் விரித்தார்கள். தலைமாட்டில் ஒரு மைக், கால்மாட்டில் அருளப்பன். நிக்சனுடைய துண்டால் தாடைக்கு நாடிக்கட்டு. கால் பெருவிரல் இரண்டையும் மைக் வயரால் சேர்த்துக் கட்டினார்கள். கையில் ஜெபமாலை ஏற்கெனவே இருந்தது, அந்த வேலை மிச்சம். மூக்கில் பஞ்சு மட்டும் வேண்டாம், மூச்சு முட்டும் என்றேன். மரியாதையான பிள்ளைகள், ஒத்துக்கொண்டார்கள்.

முதல் தடவை 'கொழம்பு இன்னும் ஆறலையே' என்று அவன் எடுத்தான். எனக்கு அடுப்பு ஞாபகம் வந்துவிட்டது. எழுந்து உட்கார்ந்து, நாடிக்கட்டைக் கீழே இழுத்துவிட்டு, "அடுப்பை அணைச்சேனாடா?" என்றேன். நிக்சன் அலறிய அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது. இரண்டாவது தடவை நான் தூங்கிவிட்டேன். குறட்டை பதிவாகிவிட்டதாம்.

மூன்றாவது தடவைதான். மூன்றாவது சரணம் அதுவரைக்கும் என் காதில் சரியாக விழுந்ததே இல்லை.

'வேலைக்குப் போற மகன் வாசல் தாண்டி நிக்கிறேனே
போயிட்டு வாடான்னு சொல்லப் பெத்தவளக் காணலையே'

ஐயோ, என் பிள்ளை பையோடு வாசலில் நிற்கிறானே, சொல்ல ஆளில்லையே என்று இருந்தது. சின்ன வயசில் பள்ளிக்கூடம் போகும்போது நான் அந்த ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் படியை விட்டு இறங்க மாட்டான். அடுப்பில் கை வேலையாக இருந்தாலும் ஓடி வந்து சொல்லிவிட்டுப் போக வேண்டும். அது நினைவுக்கு வந்ததும் எனக்கு அடக்க முடியவில்லை. வாய்தான் கட்டியிருக்கிறதே, மூக்கு வழியாக வந்துவிட்டது. நீங்க கேட்டீங்களே அந்த விசும்பல், அது நான் தம்பி.

"அண்ணே! வந்துருச்சு!" என்று நிக்சன் குதித்தான். "கொஞ்சம் மெல்லிசா வந்துருக்கு, சளி புடிச்சிருக்கா? பரவால்ல, சுருதியை எறக்கிக்கிறேன்." நான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். அருளப்பன் என்னைப் பார்த்தான். அவன் கண் காய்ந்துதான் இருந்தது. நிக்சன் பக்கம் திரும்பித் தலையாட்டினான். எனக்கென்ன, என் அழுகை அவனுக்கு உதவிற்றே. அவன் குடித்த பால் மாதிரிதானே அதுவும்.

சுவரில் மாலையோடு தொங்குகிறதே, அந்தப் படத்தை நிக்சன் அப்போதுதான் போனில் எடுத்தான். ஆல்பத்துக்கு மேலட்டையாக வரும் என்று தெரிந்திருந்தால் முன்மயிரைக் கொஞ்சம் ஒதுக்கியிருப்பேன்.

ஈஸ்டர் முடிந்து ஆல்பம் வந்தது. ஆண்டவர் உயிர்த்த வாரத்தில் நான் செத்தேன். தோத்திரம், தப்பாகச் சொல்லவில்லை. மற்ற ஏழு பாட்டையும் ஒருத்தரும் கேட்கவில்லை. பூட்டுப் பட்டறைப் பாட்டை இன்றைக்கும் இவர் ஒருத்தர்தான் கேட்கிறார். எட்டாவது பாட்டு மட்டும் பஸ், டீக்கடை, பனியன் கம்பெனி என்று எங்கேயும். ஒருத்தர் அவனைப் பேட்டி எடுத்தார். "அம்மா எப்ப தவறினாங்க?" என்று கேட்டார். அருளப்பன் தலையைக் குனிந்துகொண்டு ரொம்ப நேரம் சும்மா இருந்தான். அந்தச் சும்மா இருந்ததை மட்டும் வெட்டி எடுத்துத் தனியாகப் போட்டார்களாம், அதை லட்சக்கணக்கில் பார்த்தார்களாம். அவன் வாய் திறந்து நான் செத்தேன் என்று சொல்லவே இல்லை தம்பி. சும்மா இருப்பது பொய்யா?

அப்புறம் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் வந்தது திருப்பூர்ப் பனியன் கம்பெனிப் பிள்ளைகள், ஒரு வேன் நிறைய. கதவைத் திறந்தது நான். ஒரு பெண் என் முகத்தைப் பார்க்கிறாள், கையிலிருக்கும் படத்தைப் பார்க்கிறாள், வாய் கோணுகிறது. நான் பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து இவர், "அவ தங்கச்சி" என்று சொல்லிவிட்டார். அதற்கு முன்னால் இவர் வாயில் பொய்யே வந்ததில்லை. மகன் பேர் கெட்டுவிடுமோ என்று பயம்.

"அக்கா மாதிரியே இருக்கீங்க" என்று அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதது.

"அக்கா இன்னும் கொஞ்சம் நிறம்" என்றேன்.

"எப்படிப்பட்டவங்க?"

"நல்லவள். ஒருத்தரை ஒரு சொல் சொல்ல மாட்டாள். இருக்கிறது தெரியாமல் இருப்பாள்."

தன்னைத் தானே புகழ்வது பாவம்தான். ஆனால் செத்தவர்களைப் பற்றி நல்லது சொல்லலாம் இல்லையா? காப்பி குடித்துவிட்டுப் பிள்ளைகள் ஒன்றும் பேசாமல் இறங்கிப் போய்விட்டார்கள். துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு போகக் கூடாது என்று தெரிந்த பிள்ளைகள். நல்ல வளர்ப்பு.

ஊர்க்காரர்களுக்கு நான் உயிரோடு இருப்பது தெரியாதா? தெரியும். ஆனால் நம்ம ஊர்ப் பையன் பெரிய ஆளாகிவிட்டான், கெடுப்பானேன் என்று எல்லாரும் ஒத்துப்போனார்கள். எங்கள் மகளிர் குழு பஸ் நிறுத்தத்தில் எனக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் வைத்தது. மேலே பெரிதாக என் படம். கீழே அஞ்சலி செலுத்துவோர் வரிசையில் முதல் படமும் நான்தான், ஏனென்றால் குழுத் தலைவி நான். ரசிகர்கள் கல்லறை கேட்டார்கள், என் மாமியார் கல்லறையைக் காட்டினோம். இருந்த காலத்தில் எனக்கு ஒரு முழம் பூ வாங்க விடாத மனுஷி. இப்போது ரோஜாவுக்குக் குறைவில்லாமல் கிடக்கிறாள். இளைப்பாறட்டும்.

தினமும் காலைப் பூசைக்குப் போவது என் வழக்கம். ஒருநாள் சாமியார், அன்றைக்கு யாருக்காகப் பூசை என்று கருத்து வாசிக்கிறார்: "சவேரியம்மாளின் ஆன்ம இளைப்பாற்றிக்காக, ரசிகர்கள்." வாசித்துவிட்டு மூன்றாவது வரிசையில் என்னைப் பார்க்கிறார். நான் முட்டி போட்டேன். சும்மா சொல்லக் கூடாது, அன்றைக்கு எனக்காக நன்றாகவே ஜெபித்தேன். அந்தச் சனிக்கிழமையே பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன்.

"சாமி, உயிரோட இருந்துக்கிட்டே தங்கச்சியா இருக்கேன். இது எத்தனையாவது கட்டளையில வரும்?"

"எட்டாவதும்மா. ஆனா பொய் சொல்றது யாரு?"

"நான்தான் சாமி. வேற யாரு?"

சாமியார் கொஞ்ச நேரம் இருமினார். அபராதமாக ஒரே ஒரு 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லச் சொன்னார். ரொம்ப இரக்கமுள்ளவர்.

இதிலெல்லாம் எனக்கு மனக்குறை இல்லை தம்பி. இவர் விஷயத்தில்தான் ஒன்று உண்டு. கரூர்ப் பக்கம் கலைக்குழு நடத்துகிற பெரியவர் ஒருத்தர் துக்கம் கேட்க வந்தார். காப்பி கொடுத்துவிட்டு உள்ளே போனேன். அவர் இவரிடம் குரலைத் தாழ்த்திச் சொல்கிறார்: "தப்பா நினைக்காதீங்கய்யா. கொழுந்தியா இங்கேயே இருக்காங்க. நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க. கோவில்ல வச்சு ஒரு மாலையை மாத்திக்கிட்டா உங்களுக்கும் கௌரவம், அவங்களுக்கும் ஒரு பாதுகாப்பு."

இவர் உடனே மாட்டேன் என்று சொல்லவில்லை. கதவுக்குப் பின்னால் நிற்கிறேன், விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்கிறது. அப்புறம் இவர் சொல்கிறார்: "யோசிக்கணும்."

முப்பத்தாறு வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். பெரியவர் தெருத் திரும்பியதும் கேட்டேன், "என்ன யோசிக்கணும்?"

"பேச்சுக்குச் சொன்னேன்டி."

"பேச்சுக்குன்னா மாட்டேன்னு சொல்லியிருக்கலாமே?"

"யாரை மாட்டேங்கிறது? உன்னையா?"

"லூர்தை!"

"லூர்து நீதானடி!"

அது வேறு விஷயம். அன்றைக்கு அவருக்கு ரசம் வைக்கவில்லை. இன்று வரைக்கும் அந்த லூர்து மேல் எனக்கு ஒரு மனத்தாங்கல்தான்.

ஆல்பம் வந்த பிறகு அருளப்பன் வீட்டுக்கு வரவே இல்லை. போனில்தான் பேசுவான். வந்தால் யாராவது பார்த்துவிட்டால்? அவன் நிலைமை அப்படி. ஒரே ஒரு தடவை வந்தான். போன நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். அம்மாவின் வீட்டுக்குத் திரும்பி வருகிற பாடகர் என்று படம் பிடிக்க ஐந்து பேரோடு வந்தான். மாமியார் கல்லறையில் அவர் பேர் வெளியே தெரியாதபடி செவ்வந்தியைக் குவித்து, மெழுகுவர்த்தி ஏற்றினான். அப்புறம் வீட்டில் சாப்பாடு. நான் பரிமாறுகிறேன், கேமரா எதிரில் நிற்கிறது.

"சித்தி, கொஞ்சம் ரசம்" என்றான்.

நாக்கு ஒரு தடவைகூடப் பிசகவில்லை தம்பி. அம்மா என்று வர வேண்டிய இடத்தில் எல்லாம் சித்தி, சித்தி என்று வழுக்காமல் வந்தது. சின்ன வயசிலிருந்தே அவனுக்கு ஞாபகசக்தி அதிகம். பைபிள் வசனப் போட்டியில் எப்போதும் முதல் பரிசு.

சமையல்கட்டில் தனியாக வந்து கையைப் பிடித்தான். "இன்னும் கொஞ்ச நாள்தாம்மா. அடுத்த ஆல்பம் வந்துட்டா இதை மறந்துருவாங்க."

"அடுத்தது எதைப் பத்திய்யா?"

"அப்பாவைப் பத்தி யோசிச்சிருக்கேன்."

வெளியே இவருக்குக் கேட்டுவிட்டது. அன்றிலிருந்து தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு, காலையில் இரண்டு தெரு வேகமாக நடந்துவிட்டு வருகிறார்.

சாப்பிட்டுக் கிளம்பினார்கள். அந்த ஐந்து பேரும் ஒன்றும் பேசாமல் இறங்கினார்கள். அருளப்பன் செருப்பை மாட்டினான். பழக்கதோஷம், நான் நிலைப்படிக்கு வந்துவிட்டேன். கை கதவைப் பிடித்திருக்கிறது, 'போயிட்டு வாய்யா' என்பது நாக்கு நுனியில் நிற்கிறது. அவன் வாரேன் என்று சொன்னால் நான் சொல்லிவிடலாம். நிமிர்ந்து பார்த்தான். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. திரும்பி நடந்து வேனில் ஏறிக்கொண்டான். செய்தது சரிதான், துக்க வீட்டில் சொல்லக் கூடாது. முறை தெரிந்த பிள்ளை. வேன் முனை திரும்புகிற வரைக்கும் நின்றேன். எதையாவது மறந்து வைத்துவிட்டு எடுக்க வருவானோ என்று. எதையும் மறக்கவில்லை.

சரி, உங்களுக்கு நாலரைக்குப் பஸ். காப்பியைக் குடிங்க, ஆறுகிறது. இந்த மாலையை நான் மாதா சொரூபத்துக்குப் போட்டுக்கொள்கிறேன். நீங்க வெளியில் சொல்லி என் பிள்ளை பேரைக் கெடுக்க மாட்டீங்க, முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. பாட்டையும் எப்போதும் போலக் கேளுங்க. நல்ல பாட்டு.

ஒன்று மட்டும் தம்பி. ஒரு வருஷத்துக்கு மேலாக எத்தனையோ பேர் இந்த வீட்டுக்கு வந்துவிட்டார்கள். எல்லாரும் அழுதார்கள், காப்பி குடித்தார்கள், முறைப்படி ஒரு வார்த்தை பேசாமல் இறங்கிப் போனார்கள். நீங்க கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டு அந்தப் படியில் ஒரு நிமிஷம் நின்று, 'போயிட்டு வாரேம்மா' என்று சொல்லிவிட்டுப் போங்க.